சவேரியார் என்னும் பெயர் நம் வீடுகளுக்கு வந்த வரலாறு



வெள்ளி விழாக் காணும் நம் பங்கின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி இம்மலரின் பிற பக்கங்களில் படித்திருப்பீர்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டது ஒரு பெயரின் கதை. விழாவை முன்னிட்டு நம் ஆலய ஞானஸ்நானப் பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தோம். அதில் ஒரே பெயர் பலவகை ஆடை உடுத்திக்கொண்டு திரும்பத் திரும்ப வருவதைக் கண்டோம். தெற்கே கடற்கரை ஊர்களிலிருந்து வேலை தேடி ஓசூர் வந்த குடும்பங்களில் அது சவேரியார், சவேரியம்மாள். எலத்தகிரி போன்ற பழைய கிறிஸ்தவக் கிராமங்களிலிருந்து வந்தவர்களிடம் சவரிமுத்து, சவரிநாதன், சவரியம்மாள். கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகளில் சௌரியப்பா, சௌரம்மா. அண்மையில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் சேவியர்.

இந்தப் பெயரின் வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது ஒரு தவறு. அது நம்முடைய தவறே. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் தம் பேரனை ஞானஸ்நானத்திற்குக் கொண்டுவந்தார். அவர் மகன் சிப்காட்டில் வேலை பார்த்து வந்தார். குழந்தைக்குத் தம் பெயரான சவரிமுத்து என்பதையே இட வேண்டுமென்று பெரியவர் கேட்டார். பாட்டன் பெயரைச் சுமப்பதால்தானே அவன் பெயரன்! நாமோ, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள், சரியான உருவம் சேவியர் என்பதுதான் என்று சொல்லி, பிரான்சிஸ் சேவியர் என்று பதிவேட்டில் எழுதிவிட்டோம். பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை. கைகூப்பி வணங்கிவிட்டுப் போனார். சரியான உருவம் எது என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை என்பதே உண்மை.

வீட்டின் பெயர்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சவேரியார் என்பது நம் புனிதருக்கு ஞானஸ்நானத்தில் இடப்பட்ட பெயரன்று. அவருடைய ஞானஸ்நானப் பெயர் பிரான்சிஸ்கு. சவேரியார் என்பது அவர் பிறந்த வீட்டின் பெயர்.

இன்றைய ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் நவார்ரா என்றொரு சிறு அரசு தனியாக இருந்தது. அதன் கிழக்கு ஓரத்தில், அரகோன் அரசின் எல்லையை ஒட்டி ஒரு கோட்டை வீடு நின்றது. அப்பகுதியின் பழங்குடி மொழி பாஸ்க். அது ஐரோப்பாவின் மற்றெந்த மொழியோடும் உறவில்லாத தனிமொழி. அம்மொழியில் எச்சே என்றால் வீடு, பெர்ரி என்றால் புதிது. எச்செபெர்ரி, அதாவது புதிய வீடு. எல்லைப்புறத்து மக்கள் இரண்டு மூன்று மொழிகளைக் கலந்து பேசுகிறவர்கள். அவர்கள் வாயில் இச்சொல் தலையெழுத்தை இழந்து, ஷவியேர் என்று தேய்ந்தது. அத்திப்பள்ளிக்கு இப்புறமும் அப்புறமும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குவதை நாள்தோறும் கேட்கும் நமக்கு இது வியப்பாக இராது.

ஸ்பெயின் தேசத்தாரும் அவர்கள் குடியேறிய அமெரிக்க நாட்டாரும் தாங்கும் எச்செவெர்ரியா என்னும் குலப்பெயரும் இதே வேரில் கிளைத்ததுதான். மெக்ஸிகோ நாட்டில் 1970 முதல் 1976 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர் இக்குலப்பெயர் உடையவர். அவ்வளவு தொலைவு போவானேன்? கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் புத்தன்வீடு என்ற வீட்டுப்பெயர் உண்டல்லவா? நம் பங்கில் அப்பகுதிகளிலிருந்து வந்தோர் பலர் இருக்கிறார்கள். சவேரியார் என்ற சொல்லின் பொருள் அதுவே: புத்தன்வீட்டுக்காரர்.

அக்காலத்தில் அந்நாட்டில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு குலப்பெயர் தாங்குவது வழக்கம். தந்தை வழியையும் எடுக்கலாம், தாய் வழியையும் எடுக்கலாம். நம் புனிதரின் தந்தை ஹுவான் தே யாசோ, சட்டம் படித்த பண்டிதர். நவார்ரா மன்னரின் அரசவை ஆலோசனைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். தாயார் மரியா தே அஸ்பில்குவேத்தா. ஷவியேர் கோட்டை தாயார் வழியில் வந்த சொத்து. மூத்த அண்ணன் மிக்கேல் கோட்டைக்கு உரிமையாளரானார். அடுத்த அண்ணன் ஹுவான் தாயாரின் குலப்பெயரைத் தாங்கினார். 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பிறந்த கடைக்குட்டி பிரான்சிஸ்கு, பிறந்த வீட்டின் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டார்.

இடிக்கப்பட்ட மதில்

ஆனால் அந்த வீடு நெடுநாள் செழித்திருக்கவில்லை. 1512-ஆம் ஆண்டு ஸ்பெயின் படைகள் நவார்ரா மீது படையெடுத்து அதைக் கைப்பற்றின. 1515-இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு நாட்டை மீட்க எழுந்த கிளர்ச்சி தோற்றது. அதில் சேர்ந்தவர்களின் கோட்டைகளை இடிக்கும்படி அரசுப் பொறுப்பிலிருந்த கர்தினால் சிஸ்னேரோஸ் ஆணையிட்டார். ஷவியேர் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் தகர்க்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. குடும்பம் தங்குவதற்கான வீடு மட்டும் மிஞ்சியது. அப்போது நம் பிரான்சிஸ்குவுக்கு வயது பத்து. தந்தையில்லாத அந்தச் சிறுவன் தன் வீட்டு மதில் இடிபடுவதைப் பார்த்து வளர்ந்தான்.

அண்ணன்மார் இருவரும் போரைக் கைவிடவில்லை. 1521-இல் பம்ப்லோனா நகரை மீட்க நடந்த போரில் அவர்கள் நவார்ரா பக்கம் நின்றனர். அதே போரில் மறுபக்கத்தில், நகரின் கோட்டையைக் காத்து நின்ற ஒரு வீரனின் காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. அவ்வீரனே பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். இறுதியில் அண்ணன்மார் தோற்றனர். அவர்கள் தலைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1524-ஆம் ஆண்டு மன்னிப்புக் கிடைத்த பிறகே வீடு திரும்பினர். வீட்டில் பணமில்லை, செல்வாக்கும் இல்லை. மிஞ்சியிருந்தது பெயர் ஒன்றே.

வீட்டு மானத்தைப் படிப்பால் மீட்கலாம் என்று 1525-இல் இளைய பிள்ளை பாரிஸ் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டார். நிலத்தை அடகு வைத்து மகனைப் படிக்க அனுப்பும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தாயின் மனத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிரான்சிஸ்கு படிப்பில் கெட்டிக்காரர், விளையாட்டில் வல்லவர். 1530-இல் முதுகலைப் பட்டம் பெற்று அங்கேயே தத்துவ ஆசிரியரானார். சொந்த நாட்டுப் பேராலயத்தில் வருமானமுள்ள ஒரு பதவியைப் பெறுவது அவர் எண்ணம். அதற்காகத் தாம் உயர்குலத்தில் பிறந்தவர் என்பதற்கு அரசுச் சான்று வழங்க வேண்டுமென 1531-இல் விண்ணப்பம் செய்தார்.

சான்று வந்த நேரம்

விதி என்று உலகத்தார் சொல்வதை நாம் இறைவனின் ஏற்பாடு என்போம். அவர் தங்கிய அறையில் உடன் இருந்தவர் பீட்டர் ஃபேபர் என்னும் எளிய குடியானவர் மகன். 1529-இல் மூன்றாமவராக அங்கு வந்து சேர்ந்தவர் இஞ்ஞாசியார், அண்ணன்மாருக்கு எதிரணியில் நின்று கால் ஊனமடைந்த அதே மனிதர்! அவர் பிரான்சிஸ்குவை விடப் பதினைந்து வயது மூத்தவர். தொடக்கத்தில் பிரான்சிஸ்கு அவரை மதிக்கவில்லை. அவருடைய பழைய ஆடையையும் பிச்சையெடுத்துப் படிக்கும் நிலையையும் கண்டு ஏளனம் செய்தார். இஞ்ஞாசியார் பொறுமையாயிருந்தார். நண்பரின் வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார், கைச்செலவுக்கு முட்டுப்பட்டபோது உதவினார். ஆண்டுகள் செல்லச் செல்ல, பகைவர் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் உடன்பிறந்தார் போலாயினர். 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளில், மோன்மார்த்துர் குன்றின் சிற்றாலயத்தில் எழுவர் ஏழ்மையும் கற்பும் காப்பதாக வாக்குக் கொடுத்தனர். பிரான்சிஸ்கு அவ்வெழுவரில் ஒருவர்.

அவர் கேட்டிருந்த உயர்குலச் சான்று 1536-இல் கிடைத்தது. ஆனால் அதைக் கொண்டு பதவி தேட வேண்டியவர் அதற்குள் ஏழ்மையைத் தேர்ந்துகொண்டுவிட்டார். மதிலை இழந்த வீட்டிற்கு மிஞ்சியிருந்த பெருமை அந்தக் காகிதத்தில் இருந்தது. அவர் அதை நாடிப் போகவில்லை. 1537-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

1540-இல் போர்த்துக்கல் மன்னர் இந்தியாவுக்குக் குருக்களைக் கேட்டபோது, போக வேண்டியவராகக் குறிக்கப்பட்டவர் பொபதில்லா என்னும் மற்றொரு தோழர். அவர் நோயுற்றதால் அப்பணி சவேரியார் மீது விழுந்தது. ஓரிரு நாளில் கிழிசல் உடைகளைத் தைத்துக்கொண்டு உரோமையை விட்டுப் புறப்பட்டார். வழியில் பிறந்த வீட்டருகே சென்றும் தாயைக் காணாமல் போய்விட்டார் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. நாமும் இளங்குருவாக இருந்தபோது சொல்லியிருக்கிறோம். அது சரியன்று. அவருடைய தாயார் 1529-லேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். பெற்ற தாயைப் பார்க்க மறுத்த கல்நெஞ்சராக அவரைக் காட்டுவது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

பெயர் எழுதிக் கொடுத்தவர்

1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், தம் முப்பத்தைந்தாவது பிறந்தநாளில், லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். திருத்தந்தையின் தூதர் என்ற பதவியோடு வந்தும் பணியாள் வேண்டாமென்று மறுத்து, தம் துணியைத் தாமே துவைத்துக்கொண்டார். 1542 மே 6-ஆம் நாள் கோவா சேர்ந்தார். அவ்வாண்டே தமிழ் மண்ணுக்கு வந்தார்.

முத்துக்குளித்துறைப் பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் கற்பிக்க ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. தம் தாய்மொழி பாஸ்க் என்றும், தம் மொழி இம்மக்களுக்கும் இவர்கள் மொழி தமக்கும் புரியவில்லை என்றும் அவரே கடிதத்தில் வருந்தியிருக்கிறார். தூத்துக்குடியில் இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் செபங்களையும் மிகுந்த பாடுபட்டுத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்துக் கற்பித்தார். மணப்பாடு முதல் தூத்துக்குடி வரை அவர் கால்படாத கடற்கரைச் சிற்றூர் அரிது. 1544-இல் வடக்கிலிருந்து வந்த படைகளுக்கு அஞ்சி மக்கள் குமரிமுனைப் பாறைகளில் பசியும் தாகமுமாய் ஒளிந்திருந்தபோது, இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் உதவப் போராடினார். ஏழை மீனவரைச் சுரண்டிய போர்த்துக்கீசிய அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் கண்டித்தார்.

அவ்வாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் அளித்தார். அப்போது அவர் செய்த ஒரு காரியத்தைப் பதிவேடு எழுதும் நாம் மறக்கலாகாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரைத் தனித்தனியே எழுதிக் கொடுத்தார். எழுத்தறியாத வலைஞரும் அவர் பெண்டுபிள்ளைகளும் தம் பெயர் எழுதப்பட்ட ஓர் ஏட்டைத் தம் கையில் வைத்திருந்தனர். உயர்குலச் சான்றை நாடாது விட்டவர், குலச்சான்று ஏதுமில்லாத பத்தாயிரம் பேருக்குப் பெயர்ச்சான்று எழுதிக் கொடுத்தார்!

புனிதர் என்பதால் அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல நாம் துணியோம். இந்நாட்டாரின் சமயங்களைப் பற்றி அவருக்கிருந்த அறிவு குறைவு, தீர்ப்போ கடுமை. கோவாவில் சமய விசாரணை மன்றம் அமைய வேண்டுமென்று 1546-இல் மன்னருக்கு எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவர் மறைவுக்குப் பின் 1560-இல் அமைந்த அம்மன்றம் பலருக்குத் துன்பம் விளைத்தது. பிறசமயத்தாரோடு ஒரே தெருவில், ஒரே பணிமனையில் வாழும் நாம் இதை ஒளிக்காமல் அறிந்திருப்பது நல்லது.

1545-இல் மயிலாப்பூரில் தோமையார் கல்லறையருகே சில மாதம் தங்கிச் செபித்தபின், மலாக்காவுக்கும் மொலுக்கஸ் தீவுகளுக்கும் சென்றார். 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பான் கரையில் இறங்கினார். அங்கே அந்நாட்டாரின் அறிவையும் பண்பையும் கண்டு தம் பழைய முறைகள் பலவற்றை மாற்றிக்கொண்டார். நாற்பது வயதுக்கு மேலும் புதிதாகக் கற்க அவர் வெட்கப்படவில்லை. பின்னர்ச் சீன தேசத்தில் நுழைய எண்ணி, அதன் கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில் காத்திருந்தார். அழைத்துச் செல்வதாகச் சொன்ன படகு வரவில்லை. 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் விடியுமுன், ஒரு குடிசையில் காய்ச்சலால் உயிர்நீத்தார். வயது 46. உடனிருந்தவர் அந்தோனி என்னும் சீன இளைஞர். கடைசி நாட்களில் தமக்கு விளங்காத ஒரு மொழியில் சவேரியார் பேசினார் என்று அவர் பின்னர்த் தெரிவித்தார். அது தாய்மொழியான பாஸ்க் ஆக இருக்கலாமென்று கருதுவோர் உண்டு. வீட்டைத் துறந்தவரின் நாவில் கடைசியாக அந்த வீட்டின் மொழி வந்திருக்கலாம்.

அவருடைய திருவுடல் மலாக்கா வழியாக 1554-இல் கோவா வந்து சேர்ந்தது. 1622 மார்ச் 12-ஆம் நாள் இஞ்ஞாசியாரோடு ஒரே நாளில் அவரும் புனிதராக அறிவிக்கப்பட்டார். 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை கோவாவில் திருவுடல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. இடிபட்ட அவர் வீடும் பிற்காலத்தில் செப்பனிடப்பட்டு, ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நவார்ரா மக்கள் கால்நடையாகச் செல்லும் யாத்திரைத் தலமாக இருக்கிறது.

சரியான உருவம் எது?

இனி, பெயருக்கு வருவோம். அந்நாளில் ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் இப்பெயரின் முதல் ஒலி ஷகரம். பிற்காலத்தில் ஸ்பானிய மொழியில் அவ்வொலி மாறியதால் இன்று ஸ்பெயினில் ஹவியேர் என்கிறார்கள். போர்த்துக்கீசியர் இன்றும் ஷவியேர் என்றே சொல்கிறார்கள். நம் கடற்கரை முன்னோர் போர்த்துக்கீசியர் வாயிலாகக் கேட்ட ஒலி அதுவே. தமிழ் நாவுக்கு ஏற்ப அது சவேரி ஆயிற்று, மரியாதை விகுதி சேர்ந்து சவேரியார் ஆயிற்று, உள்நாட்டில் சவரி ஆயிற்று, எல்லை கடந்து சௌரி ஆயிற்று. சேவியர் என்பதோ ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் வழியாகப் பின்னால் வந்தது.

ஆகவே புனிதரை அவர் தாயார் அழைத்த ஒலிக்கு அருகில் நிற்பது, கொச்சை என்று நாம் ஒதுக்கிய சவரிதான். நாம் திருத்தி எழுதிய உருவமே தொலைவில் நிற்கிறது. மெத்தப் படித்த குருவானவரின் பேனா தவறியது, எழுத்தறியாத பெரியவரின் நாக்குத் தவறவில்லை.

சவேரியார் இப்பக்கம் வந்ததில்லை. 17-ஆம் நூற்றாண்டில் மைசூர் மறைப்பணியைத் தொடங்கிய இயேசு சபையாரும், பின்னர்ப் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களும் உழைத்த உள்நாடு இது. ஆயினும் அவர் பெயர் அவருக்கு முன்னே நடந்து வந்து இங்கே குடியேறியிருக்கிறது. ஒரு பிரபு குடும்பத்தின் உடைமையாயிருந்த பெயர், இன்று வாடகை வீட்டில் இருந்துகொண்டு இரவு ஷிப்டுக்குப் போகும் தொழிலாளியின் பெயராக இருக்கிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குலப்பெயர் என்ன என்று கேட்கும் கட்டத்தைப் பார்த்து நம் இளைஞர்கள் திகைப்பதுண்டு. குலப்பெயரை ஞானஸ்நானப் பெயராக எல்லாருக்கும் கொடுத்துவிட்ட ஒருவர் நமக்கு இருக்கிறார் என்று அவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

அந்தப் பெரியவர் இரண்டாண்டுகளுக்கு முன் இறந்தார். இறந்தோர் பதிவேட்டில் சவரிமுத்து என்று நாமே எழுதினோம். அவ்வீட்டில் அப்பெயர் நம் கையால் முடிந்துபோயிற்றே என்ற எண்ணம் அன்று முதல் நம்மை விடவில்லை. இவ்விழாவுக்கு முன் அக்குடும்பத்தாரைக் கண்டு மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் சிரித்தார்கள். சான்றிதழில் எப்படியிருந்தாலும் வீட்டில் பையனைத் தொட்டிலில் இட்ட நாள் முதல் சவரி என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

இனி நம் ஆலயத்தில் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் சொல்லும் உருவத்திலேயே பெயர் எழுதப்படும். தம் கையால் ஏழைகளுக்குப் பெயர் எழுதிக் கொடுத்த புனித சவேரியார், பல ஊர்களிலிருந்து இவ்வெல்லையில் வந்து சேர்ந்து புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களுக்காக இறைவனிடம் பரிந்து பேசுவாராக.

ஆண்டவரில் உங்கள்,
பங்குத் தந்தை